சூரிய வாசலில் விற்கப்படும் விடியல்: இன்கா பாதை நடைப்பயணம், ஒரு கேமராக்காரியின் மதிப்புரை

பெரு நாட்டின் இன்கா பாதைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் நிறுவனங்களின் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வருகிறது. இன்டி புங்கு என்னும் சூரிய வாசலின் கற்களுக்கு நடுவே யாரோ ஒருவர் முதுகு காட்டி நிற்பார். கீழே, பாதை போய் முடியும் பழைய இன்கா மலைநகரமான மச்சு பிச்சு பொன்னிறத்தில் மின்னும். மூன்று இரவு கூடாரத்தில் படுத்து நான்காம் நாள் விடியலில் இதைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை பணமும் என்பது போல விற்கிறார்கள். நான் ஆரணியில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவள். யாராவது முகூர்த்த நேரம் சொன்னால், அன்று சூரியன் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்ப்பது தொழில் பழக்கம். ஜூன் மாதத்தில் அங்கே சூரிய உதயம் காலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்களில். கடைசி முகாமை அடுத்த சோதனைச் சாவடி திறப்பதோ 5.30-க்கு. அங்கிருந்து சூரிய வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதனால் இந்தப் பயணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காசுக்கு மேலேயே கிடைக்கிறது. ஆனால் கிடைப்பது விளம்பரத்தில் இருக்கும் இடத்தில் இல்லை. கேமராவோடு போகிறவர்கள் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் போன நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அனுமதி பெற்ற நிறுவனங்கள் எல்லாம் ஒரே பாதையில், ஏறக்குறைய ஒரே கால அட்டவணையில்தான் நடத்துகின்றன.

முதலில் நடைமுறை. குஸ்கோ நகரத்திலிருந்து உருபம்பா பள்ளத்தாக்கு வழியாக ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டர் வரை வண்டியில் போய், அங்கிருந்து சுமார் 43 கிலோமீட்டர் நடை. தனியாக நடக்க முடியாது. உரிமம் பெற்ற நிறுவனமும் வழிகாட்டியும் கட்டாயம். ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. அந்த 500-இல் சுமை தூக்குவோர், சமையல்காரர், வழிகாட்டிகள் எல்லோரும் அடக்கம் என்பதால் பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடம்தான். மே முதல் ஆகஸ்டு வரையிலான வறண்ட பருவத்துக்கு ஆறேழு மாதம் முன்பே பதிந்தால்தான் உண்டு. அனுமதிச் சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பெயர் மாற்ற முடியாது. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பெருவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. ஹூஸ்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனவள் அப்படியே அவனையும் இழுத்துக்கொண்டு போனது இந்த வசதியால்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மட்டும் மறக்கக்கூடாது. பெருவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்றைக் கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கால்களுக்குப் பயிற்சியாக நான் எடுத்துக்கொண்டது பர்வதமலை. கடலாடிப் பக்கம் ஏறி, தென்மாதிமங்கலம் பக்கம் இறங்குவது. கேமராப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே ஏறினேன். பலரும் ஏறுவதற்கு மட்டும் பழகுகிறார்கள். இன்கா பாதையில் முழங்காலைக் கேட்பது இறக்கம்தான். மூன்றாம் நாள் பிற்பகல் முழுக்க, ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத ஆயிரக்கணக்கான கற்படிகளில் இறங்க வேண்டும். ஆனால் எந்த மலை ஏறினாலும் உயரத்துக்கு நம் ஊரில் பயிற்சி கிடையாது. குஸ்கோவே 3,400 மீட்டரில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே தலை விண்ணென்று தெறிக்கும். இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேராக ஒயன்டாய்டம்போவுக்குப் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. அது சுமார் 2,800 மீட்டர். இரவில் தூக்கம் வரும், இன்கா காலத்துத் தெருக்களும் கால்வாய்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, படம் எடுக்கவும் குறைவில்லை. மலை நோய்க்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கோகா இலைத் தேநீர் அங்கே தண்ணீர் போலக் கிடைக்கும், சட்டப்படியும் சரி. அந்த ஊர் நினைவாக ஒரு பொட்டலம் எடுத்து வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

இனி என் துறை. தனிப்பட்ட சுமைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தரும் அளவு ஏழு கிலோ, தூங்கும் பை உட்பட. அதைச் சுமையாளர் தூக்குவார். கேமரா நம் முதுகில்தான். ஆகவே நான் எடுத்துப் போனது ஒரு மிரர்லெஸ் கேமரா உடல், அகலக் காட்சிக்கும் ஓரளவு நெருக்கத்துக்கும் ஒரு 24-105 லென்ஸ், இரவு வானத்துக்காக அதிக ஒளி வாங்கும் அகல லென்ஸ் ஒன்று (20 எம்எம் எஃப்1.8), கைச்சாண் உயரக் குட்டி ட்ரைபாட். அவ்வளவுதான். எங்கள் குழுவில் ஒருவர் தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸைத் தூக்கி வந்தார். இரண்டாம் நாள் கணவாயில் அது பையைவிட்டு வெளியே வரவே இல்லை. 105-க்கு மேல் தேவைப்பட்ட காட்சி சால்கன்டாய்ப் பனிச்சிகரம் ஒன்றுதான். அதையும் முன்னணியில் புல்லும் கல்லும் வைத்து அகலமாக எடுத்தால்தான் நாம் எங்கே நின்றோம் என்பது படத்தில் தெரியும்.

பெரிய ட்ரைபாடை வீட்டிலேயே விட்டுவிடலாம். மச்சு பிச்சுவுக்குள் ட்ரைபாட், செல்ஃபி குச்சி இரண்டுக்கும் தடை. ட்ரோனைப் பற்றிப் பேச்சே இல்லை. 40 × 35 × 20 சென்டிமீட்டருக்குப் பெரிய பையை நுழைவாயிலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கேமராப் பை வாங்கும்போதே அளவு நாடாவோடு வாங்குங்கள். ஊன்றுகோலின் முனைக்கு ரப்பர் குப்பி கட்டாயம். இரும்பு முனை அறுநூறு வருடத்துப் படிக்கல்லைச் சுரண்டும் என்பதால் இந்த விதியில் எனக்குப் புகார் இல்லை.

பாதையில் மின்சாரம் கிடையாது. பேட்டரி நான்கு, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று. அது 74 வாட்-மணி என்பதால் விமானத்தில் கைப்பையில் அனுமதி உண்டு. இரண்டாம் இரவு தங்கும் பகாய்மாயு முகாம் 3,600 மீட்டர். ஜூன் இரவில் குளிர் உறைநிலையைத் தொடும். குளிரில் லித்தியம் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரு காலுறைக்குள் போட்டுத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் முழுதாக இருக்கும். கேமராவை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். கூடாரத்துக்குள் மூச்சுக்காற்றின் ஈரம் சேர்ந்து லென்ஸ் மூடுபனி பிடித்துக்கொள்ளும். ஜிப் உள்ள பாலித்தீன் உறையில் போட்டுக் கூடாரத்தின் வெளி அறையில் வைப்பதே நல்லது. வானத்தின் நீலத்தைக் கூட்ட லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடியையும் நான் எடுக்கவில்லை. 4,000 மீட்டரில் வானம் இயல்பாகவே ஆழ்ந்த நீலம்; அகல லென்ஸில் போலரைசரைத் திருப்பினால் வானத்தின் ஒரு மூலை கறுத்து, இன்னொரு மூலை வெளுத்து, அந்தப் படத்தைக் காப்பாற்ற எந்த மென்பொருளாலும் ஆகாது.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சப்பாத்திக் கள்ளிகள், ஆற்றோரம், மேலிருந்து தெரியும் யக்தாபட்டாவின் வளைந்த அடுக்கு வயல்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது அங்கே போய்ச் சேருமாறு அட்டவணை போட்டிருக்கிறார்கள். தட்டையான படம்தான் கிடைக்கும். இரண்டாம் நாள் உடம்புக்கான நாள். வார்மிவான்யுஸ்கா கணவாய் 4,215 மீட்டர். பத்தடி நடந்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தம்பி எனக்கு முன்னால் போய்விட்டு, மேலே நின்று, "அக்கா, கேமராவை உள்ளே வைத்துவிட்டு மூச்சை மட்டும் பாருங்கள்" என்று கத்தினான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஏற்றத்தில்தான் சுமையாளர்கள் நம்மைக் கடந்து போகிறார்கள்.

அவர்களைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தச் சேவை என்பதே அவர்கள்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களின் கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள். சுமைக்குச் சட்டப்படி 20 கிலோ உச்சவரம்பு உண்டு; சோதனைச் சாவடியில் தராசு வைத்து நிறுக்கிறார்கள். நமக்கு முன் கூடாரத்தைப் பிரித்து, நம்மைத் தாண்டி ஓடி, நாம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த இடத்தில் கூடாரம் அடித்து, வெந்நீரும் வைத்திருப்பார்கள். பாதையில் அவர்கள் வரும் சத்தம் கேட்டால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் அல்ல. மூச்சு வாங்க ஏறுகிறவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் சாப்பிடுகிறவரின் வாயைப் படம் எடுக்காத மரியாதை இங்கேயும் பொருந்தும். நான் மாலையில், அவர்கள் சமையல் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டு எடுத்தேன். அவர்களே வரிசையாக நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தார்கள். இந்தப் பயணத்தில் நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படம் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் பெரு நாட்டுப் புகைப்படக்காரர் மார்ட்டின் சாம்பியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1891-இல் பிறந்த கெச்சுவாக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, குஸ்கோவில் ஸ்டூடியோ வைத்தவர், 1973-இல் இறந்தார். பிழைப்புக்குக் குஸ்கோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணங்களைப் படம் எடுத்தவர், 1920-களில் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு போய் மச்சு பிச்சுவையும் எடுத்தார். ஒரு தகடு, ஒரு படம். என் மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் இடம் இருந்தும் நான் அவருடைய சிக்கனத்தைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டேன். கல்யாணப் படக்காரியின் குலப்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். சைவம் என்று பதிவின்போதே எழுதியிருந்தேன். கினோவா சூப், வறுத்த மரவள்ளிக்கிழங்கு, பயறு, சோறு, விதவிதமான உருளைக்கிழங்கு. மாலை ஐந்து மணிக்குச் சோளப்பொரியும் தேநீரும். மூன்றாம் இரவு, அடுப்பில் பாத்திரத்தை வைத்தே ஒரு கேக் செய்து கொண்டுவந்தார் சமையல்காரர். கழிப்பறைகளைப் பற்றி மற்ற நாட்டவர்கள் புலம்பித் தள்ளுகிறார்கள். குந்தி உட்காரும் வகைதான், நமக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சுத்தம் மட்டும் முகாமுக்கு முகாம் மாறும். வாடகைக்குக் கொடுத்த தூங்கும் பையில் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. குஸ்கோவிலேயே திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். விளம்பரத்தில் அதற்கு இரண்டு வரிகூட ஒதுக்குவதில்லை. காலையில் ருன்குராகாய் என்னும் வட்ட வடிவக் கட்டடம், பிறகு கணவாய், பிறகு சயக்மார்க்கா என்னும் இடிபாடு. ஒரு பாறை மூக்கின் நுனியில், ஒரே ஒரு செங்குத்துப் படிக்கட்டைத் தவிர வேறு வழியே இல்லாமல், மேகக் காட்டுக்கு மேலே மிதப்பது போல நிற்கிறது அது. மூடுபனி வந்து வந்து விலகும். கேமராவின் ஒளிமானி வெண்பனியைப் பார்த்து ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கேதான் எனக்கும் வழிகாட்டிக்கும் உரசல். வரலாறு பத்து நிமிடம், படத்துக்குப் பத்து நிமிடம், கிளம்பு என்கிறார். பனி விலகுவதற்கு அவரிடம் அட்டவணை இல்லை. அவரிடம் இருந்த அட்டவணையில் மதிய உணவு இருந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, முன்னே போன சமையல்காரர் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருப்பார். நான்கு நாளில் முடிக்கும் திட்டத்தின் கோளாறு இது.

அதற்குப் பிறகு பாதையே காட்சியாகிவிடுகிறது. முந்தைய நாட்களில் நடந்த கற்கள் பலவும் பிற்காலத்தில் சீர்செய்தவை. இங்கே காலடியில் இருப்பதில் பெரும்பகுதி பழைய இன்காத் தளவரிசை. இருபுறமும் பாசி, மர ஆர்க்கிட், நடுவில் பாறையைக் குடைந்து படி வெட்டிய சுரங்கம். பிற்பகலில் புயுபட்டமார்க்கா என்னும் இடிபாடு, 3,650 மீட்டர். இறங்கு வரிசையில் நீர்த்தொட்டிகள், இன்றும் தண்ணீர் ஓடுகிறது. கீழே மேகம், எதிரே பனிச்சிகரங்கள். வெயில் சாயும் வரை அங்கே இருந்தால் வாழ்நாள் படம். ஆனால் நான்கு நாள் குழுக்கள் அங்கே தங்குவதில்லை.

வின்யாய் வாய்னா இதற்குக் கொஞ்சம் ஈடு செய்தது. மூன்றாம் இரவு முகாமிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் இன்கா இடிபாடு அது; மலைச்சரிவின் குழிவுக்கு ஏற்ப வளைந்து இறங்கும் அடுக்கு வயல்கள், மேலும் கீழும் இரண்டு கட்டடத் தொகுதிகள், நடுவே படிக்கட்டோடு சேர்ந்து இறங்கும் நீரூற்று வரிசை. 1940-41 இல் இந்த வட்டாரத்தை ஆய்வு செய்த குழுவின் தலைவர் பால் ஃபேயோஸ், அதற்கு முன் திரைப்பட இயக்குநராக இருந்தவர். அந்த இடத்தைப் பார்த்தால், கேமராக் கண் உள்ளவர் அங்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கூடாரத்தில் காலை நீட்டிப் படுத்தவர்களை விட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். நான் போனபோது மொத்த இடத்திலும் நான்கைந்து பேர். லாமாக்கள் அதைவிட அதிகம்.

இரவு வானத்துக்காகவே அமாவாசையை ஒட்டித் தேதி எடுத்திருந்தேன். மச்சு பிச்சு தெற்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது, சென்னை வடக்கே 13 பாகையில். நம் ஊரில் தெற்கு வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும் பால்வீதியின் நடுப்பகுதி, அங்கே ஜூன் நள்ளிரவில் ஏறக்குறைய தலைக்கு மேல். கேட்டையும் மூலமும் அண்ணாந்து பார்க்கும்படி இருக்கும். ஆண்டிஸ் மக்கள் நட்சத்திரங்களை மட்டும் அல்லாமல், பால்வீதியின் இருண்ட திட்டுகளையும் உருவங்களாகப் பார்த்தவர்கள். அதில் ஒன்று லாமா. ஆல்ஃபா, பீட்டா சென்டாரி இரண்டும் அதன் கண்கள். கேமரா அமைப்பு: 20 எம்எம்மில் எஃப்1.8, பன்னிரண்டு விநாடி, ஐஎஸ்ஓ 3200. குட்டி ட்ரைபாடை ஒரு கல்லின் மேல் வைத்து எடுத்தேன். லாமாவின் கழுத்து தெளிவாக விழுந்தது.

சரி, அந்த விடியல். அதிகாலை மூன்றரைக்கே எழுப்பிவிட்டார்கள். சுமையாளர்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டும், அதனால்தான் அத்தனை அவசரம். சாவடி திறக்கும் வரை இருட்டில் பெஞ்சில் வரிசை. பிறகு ஒரே ஓட்டம். சுற்றிலும் உயரமான மலைகள் என்பதால் நேரடி வெயில் இடிபாடுகளைத் தொட ஏழு மணி ஆகும். அது ஒரு சலுகை. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து எழும் பனி பெரும்பாலான காலைகளில் அந்தச் சலுகையைப் பறித்துவிடுகிறது. எங்களுக்கும் வெள்ளைச் சுவர்தான். இருநூறு பேர் அந்தச் சுவரை நோக்கிக் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கீழே போன பிறகும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எல்லோரும் எடுக்கும் அந்தப் பிரபலமான கோணம், காவலர் குடிசைப் பக்கத்திலிருந்து வாய்னா பிச்சு சிகரத்தை நோக்கி, ஏறக்குறைய வடக்குப் பார்த்தது. ஜூனில் அங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். ஆக நண்பகலில் வெளிச்சம் முன்னாலிருந்து வரும். கல்லின் முகம் கறுக்கும். உள்ளே ஒருவழிச் சுற்றுகள் வகுத்திருக்கிறார்கள், திரும்பிப் போக விடமாட்டார்கள். ஆகவே பனி விலகிய முதல் அரைமணியில் மேல்தளத்தில் இருப்பது முக்கியம். கோயில்களும் நீரூற்றுகளும் பிறகு.

மதிப்பெண்: சுமையாளர்களுக்கும் சமையலுக்கும் ஐந்துக்கு ஐந்து. பாதைக்கு ஐந்து. அட்டவணைக்கு இரண்டு. நான்கு நாள் திட்டத்துக்கு 700 டாலருக்கு மேல் கேட்கிறார்கள், விமானச் செலவு தனி. கேமரா முக்கியம் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஐந்து நாள் திட்டத்தைக் கேளுங்கள். அனுமதிச் சீட்டு அதேதான். மூன்றாம் இரவு புயுபட்டமார்க்காவில் தங்கவைக்கும் திட்டமாகப் பார்த்து எடுங்கள்: சூரிய அஸ்தமனமும் உதயமும் பனிச்சிகரங்களுக்கு எதிரே கிடைக்கும், வின்யாய் வாய்னாவுக்கு நிதானமாக இறங்கலாம், சூரிய வாசலுக்குப் பனி கலைந்த பிற்பகலில், கூட்டமே இல்லாத நேரத்தில் போய்ச் சேரலாம், அன்றிரவு மலையடிவார ஊரான அகுவாஸ் காலியன்டெஸில் விடுதி, மறுநாள் காலை மச்சு பிச்சு. பணம் கட்டும் முன் மூன்றாம் இரவு முகாமின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "சூழ்நிலைக்கேற்ப" என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். பிப்ரவரியில் பாதை பராமரிப்புக்காக மூடியிருக்கும். அந்த மாதத்துக்குத் தேதி தருவதாக யாராவது சொன்னால் அவர் விற்பது வேறு பாதை.